யாஹ்யா கோத்துத் தந்த ஊசிகள்

என் வீட்டுக்காரர் மொய்தீன் பிச்சை சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. ஏதோ கோபத்தில் கேட்காமல் இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். தாகம் எடுத்தால் எழுந்து போவார், குடிப்பார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். சாப்பிட்ட தட்டும் அப்படித்தான். உடுத்திய கைலியை அவரே அலசிக் கொடியில் போடுவார். படுத்த பாயில் ஒரு சுருக்கம் இருக்காது. அசன் பீவிக்கு வாய்த்த மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று எங்கள் கோட்டக்குப்பத்துத் தெருவில் பெண்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு மாதம் வந்து என் வீட்டில் இருந்து பார்க்கட்டும், அப்புறம் விடட்டும் பெருமூச்சு.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு, லீவென்றால் இரண்டு மாதம். பதினைந்து லீவு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவர் ஒரேயடியாக வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மூன்று வருஷம்கூடத் தேறாது. மீதி வருஷமெல்லாம் வீட்டில் ஆம்பளையும் நான்தான், பொம்பளையும் நான்தான். கரண்ட் ஆபீசில் போய்ச் சண்டை போட்டது நான். மகள் ஃபஸீஹாவைப் படிக்க வைத்து, திண்டிவனத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தது நான். கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டுவதுகூட நான்தான். இன்றைக்கும் நான்தான். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஆனால் மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. இந்த மனுஷன் ஒருநாள் ஊரோடு வந்து சேர்வார், 'அசனு, அத எடு, இத எடு' என்று என்னைப் படுத்தி எடுப்பார், நானும் சலித்துக்கொண்டே ஓடியோடிச் செய்வேன் என்று. சலித்துக்கொள்வதற்குக்கூட ஓர் ஆள் வேண்டுமில்லையா? வந்து சேர்ந்தவரோ விருந்தாளியைவிட மோசம். விருந்தாளியாவது காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்பான்.

இதில் ஒரு சட்டைப் பட்டன் எங்கே வந்தது என்று சொல்கிறேன்.

கல்யாணமான மறு மாதமே அவர் சவுதிக்குக் கிளம்பினார். வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. சட்டையில் மூன்றாவது பட்டன் தெறித்து விழுந்துவிட்டது. கழற்றித் தைக்க நேரமில்லை. போட்ட சட்டையோடு அவரை நிற்க வைத்து நான் ஊசியை எடுத்தேன். என் மாமியார் பதறிப்போய், உடம்பில் இருக்கும் துணியைத் தைப்பது ஆகாது, தைத்தே தீரவேண்டுமென்றால் வாயில் நூலைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு துண்டு நூலை அவர் பல்லுக்கிடையில் செருகிவிட்டார். எனக்கு அப்போது இருபது வயது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடக் கூச்சம். அவர் மூச்சுக்காற்று என் நெற்றியில் பட்டது. என் விரல் முட்டி அவர் நெஞ்சில் இடித்தது. வாயில் நூல் இருந்ததால் அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கார் போய்விட்டது. அந்த ஐந்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருஷம் ஓட்டினேன். இதைச் சொல்ல இந்த வயசில் எனக்கு வெட்கமில்லை.

அதனால்தான் அவர் வந்து இரண்டாவது மாதம் சட்டைக் கையில் ஒரு பட்டன் விழுந்தபோது, நான் மனசுக்குள் துள்ளினேன். இப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் அலமாரியைத் திறந்து ஒரு நீலக் கிரீம் டப்பாவை எடுத்தார். வாசல் வெளிச்சத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டப்பாவுக்குள் ஒரு வெள்ளை நூற்கண்டு. அதிலிருந்து வரும் நூலில் வரிசையாக ஊசிகள், கருவாட்டைக் கோத்த மாதிரி. கடைசி ஊசியை மட்டும் ஒரு முழம் இழுத்து, மற்றதையெல்லாம் கண்டுப் பக்கம் தள்ளி, நடுவில் நகவெட்டியால் நறுக்கினார். கோத்த ஊசி ஒன்று கையில் வந்துவிட்டது. மிச்ச ஊசிகள் உருவிக்கொள்ளாதபடி நூல் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தார்.

பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்துத் தைத்தார். தைத்து முடித்ததும் குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார். பட்டன் இழுபடாமல், அதேசமயம் சுலபமாக மாட்டும்படி கொஞ்சம் தூக்கலாக நின்றது. அழகான தையல்தான், குறை சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இத்தனை ஊசியை யார் கோத்தது என்று கேட்டேன். யாஹ்யா என்றார். யாஹ்யா மரக்காணத்துக்காரன், சவுதியில் தம்மாம் கேம்பில் இவரோடு ஒரே அறையில் பத்தொன்பது வருஷம் இருந்தவன். இவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கி ஊசி கோக்க முடியாமல் போனதிலிருந்து அவன்தான் கோத்துக் கொடுப்பானாம். இவர் ஊருக்குக் கிளம்புகிறார் என்றதும் ஒரே உட்காரலில் இருபத்தைந்து ஊசியைக் கோத்து டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறான். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றால், போட்டாலும் ஊசிக் காது தெரியவில்லை என்றார். சொல்லிவிட்டு டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த யாஹ்யா வெள்ளிக்கிழமை தோறும், ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு போன் செய்வான். இவர் உள் அறையில் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு பேசுவார். அங்கிருந்து ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு என் காதுக்கு எப்போதும் கதவு வழியாகத்தான் வந்திருக்கிறது. ஒரு ஆம்பளையின் மேல் எனக்குப் பொறாமை. யாரிடம் போய்ச் சொல்ல?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போகவேண்டியிருந்தது. பேத்தி அப்ஸானா குர்ஆன் ஓதி முடித்ததற்கு ஃபஸீஹா வீட்டில் விருந்து. அதற்குப் போடவென்று அவர் எடுத்து வைத்திருந்த நீலக் கோடு போட்ட சட்டையில் ஒரு பட்டன், அதே மூன்றாவது பட்டன், தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை இழுத்து எடுத்தேன். அப்புறம் கிரீம் டப்பாவைத் திறந்தேன். காய் நறுக்கும் கத்தரியால் நூல் நுனியை வெட்டி ஒரு இழுப்பு இழுத்தேன். பதினெட்டு ஊசியும் உருவிக்கொண்டு டப்பாவுக்குள் கொட்டின. பட்டனையும் அதற்குள்ளேயே போட்டு மூடி, இருந்த இடத்தில் வைத்தேன். இனி என்னைக் கேட்காமல் எங்கே போவார்?

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் திருட்டு முழி முழித்துக்கொண்டு நானே போய் அடுப்படியில் உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலை அவர் சட்டையை விரித்துப் பார்த்தார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்படிக் கதவோரமாக நின்று பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். நூலை நாக்கில் தொட்டுக் கூராக்கினார். குத்தினார், தவறியது. மறுபடி. கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நான் காலிச் சட்டியில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டே, கூப்பிடுங்கள், ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாய்கூடத் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, "நேரமாச்சு, கெளம்பலாமா?" என்றார்.

பாண்டிச்சேரி போய் திண்டிவனம் பஸ் பிடித்தோம். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலை அவரே வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரப் பயணத்தில் அவர் பேசியது, கிளியனூர் வந்துவிட்டது என்பது ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், பலகை இருக்கிறது. ஆனால் அந்தப் பலகை எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. போன வருஷம் விழுப்புரத்தில் கண் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, ஆபரேஷன் செய்யவேண்டும், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எந்த ஆளை? ஃபஸீஹாவுக்கு மாமியார் வீட்டு வேலையே தலைக்கு மேல். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். சமைக்கவும் துவைக்கவும் கண் எதற்கு, கையே போதும்.

விருந்து வீட்டில் என் மானம் போனது. சம்பந்தியம்மா வந்து இவரிடம் நலம் விசாரித்தவர், கண்ணை அந்த ஊக்கிலேயே வைத்திருந்தார். பத்து நிமிஷத்தில் ஃபஸீஹா என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்மா, அத்தா சட்டைல ஊக்கு குத்திக்கினு வந்திருக்காரு. எங்க மாமி ஒரு மாதிரியா பாக்கறாங்க. முப்பது வருஷம் ஒழைச்சிட்டு வந்த மனுஷனுக்கு ஒரு பட்டன் தெச்சுக் குடுக்க மாட்டியா நீ?"

வாயாடி என்று பெயர் வாங்கியவள், முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். அவளே ஊசிநூல் எடுத்துக்கொண்டு போய், கழற்றுங்கள் அத்தா, தைத்துத் தருகிறேன் என்றாள். அவர் வேண்டாம்மா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பெற்ற மகளிடம்கூட ஒரு பட்டன் தைத்து வாங்கிக்கொள்ளாத மனுஷனை என்னதான் செய்வது? பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். நான் ஒரு வாய்க்கு மேல் எடுக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை யாஹ்யா போன் செய்தான். இவர் வழக்கம்போல உள் அறைக்குப் போனார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் இரண்டு பக்கமும் கேட்கும். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன்.

"அண்ணே, ஊசி இன்னும் எத்தினி இருக்குது?" என்று கேட்டான் அவன்.

என் கை அப்படியே நின்றது.

"அதெல்லாம் எப்பவோ தீந்து போச்சுடா. இப்ப அசன் பீவிதான் கோத்துக் குடுக்கறா. பட்டன்லாம் அவதான் தெக்கறா. என்னை ஊசியத் தொடவே வுடமாட்டேன்றா."

"குடுத்து வெச்சவன்ணே நீ," என்றான் யாஹ்யா. "இங்க ரூம்ல நான் ஒண்டியாதான் கெடக்கறேன். உன் கட்டில்ல யாரையும் போடல."

இவர் சிரிக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளடா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எட்டு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் சொல்லிவிட்டார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவனிடம், பொய்யாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் எழுந்தேன். அவர் சொன்ன பொய்யை நிஜமாக்கிவிடுவது என்று நீலக்கோட்டுச் சட்டையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். நான் ஊசியைத் தொட்டு நாலைந்து வருஷம் இருக்கும். இருந்தால் என்ன, கை மறந்துவிடுமா? நூலை நனைத்து ஊசியைத் தூக்கிப் பிடித்தேன். ஊசி தெரிந்தது. அதன் காது தெரியவில்லை. ஊசி முழுக்க ஒரே பூசினாற்போலப் புகையாக இருந்தது. குத்தினேன், விரலில் குத்தியது. பத்துத் தரம் பார்த்தேன். அடுப்படிக்குப் போய் அரிசி மூட்டை தைக்கும் கோணி ஊசியை எடுத்துவந்தேன். அதன் காதில் ஆடே நுழையும், நூல் சுலபமாக நுழைந்தது. ஆனால் அந்த ஊசி பட்டன் ஓட்டைக்குள் நுழையவில்லை.

அவர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. கோணி ஊசியைப் பார்த்திருக்கிறார், பாவம்.

"என்னா பண்ணிக்கினு இருக்க?" என்றார்.

"நான்தான் உருவிட்டேன்," என்றேன். "ஊசி எல்லாத்தையும். நீங்க என்னாண்ட கேக்கணும்னு."

"தெரியும்."

டப்பாவுக்குள் விரலை விட்டுத் தேடி, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது என்னவென்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. தடவிப் பார்த்தேன். அவர் போட்டு வைத்த முடிச்சு. கத்தரியில் வெட்டிய துண்டோடு டப்பாவுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இவ்வளவு திட்டம் போட்டவள் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன். எனக்கு மறுபடி ஆத்திரம் வந்தது. "ஒரு வார்த்த. அசனு, இத கோத்துக் குடுன்னு ஒரு வார்த்த. அதுல என்னா கொறஞ்சி போய்டுவீங்க?"

அவர் எனக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். மீன்காரி ஒருத்தி காலிக் கூடையோடு போனாள்.

"அங்க கேட்டா அடுத்தவனுக்கு பேஜாரு. அவன் ட்யூட்டி முடிச்சிட்டு வந்து தூங்கணும். கேக்காமயே இருந்து பழகிடுச்சு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நீயும்தான் என்னாண்ட எதுவும் கேட்டதில்ல. நான் வந்து எட்டு மாசம் ஆவுது. சிலிண்டர் நீயே மாத்தற. அரிசி நீயே வாங்கிக்கினு வர்ற. கரண்ட் ஆபீசுக்கு நீயே போற. இந்த வூட்ல நான் எதுக்குன்னு எனக்குத் தெரியல. அதான் தட்டையாவது கழுவலாம்னு கழுவிக்கினு இருக்கேன்."

என் வாழ்க்கையில் என்னை யாரும் இப்படி அறைந்ததில்லை. அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. எட்டு மாதமாக அவர் கேட்பதற்காக நான் காத்திருந்தேன். அதே வீட்டில், அடுத்த அறையில், நான் கேட்பதற்காக அவர் காத்திருந்திருக்கிறார். எத்தனை சிலிண்டரை அவர் கண்ணெதிரே இடுப்பில் முட்டுக்கொடுத்து உருட்டிப் போயிருக்கிறேன். அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எழுந்து நிற்பார், நான் நிமிராமலே போய்விடுவேன்.

கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

"எனக்குக் கண்ணு தெரியலங்க," என்றேன். "பொறை விழுந்திருக்குதாம். ஆபரேஷன் பண்ணணும்னாங்க. ஆள் தொணை வேணும்னாங்க. என்னை விழுப்புரம் கூட்டிக்கினு போறீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்தாரா என்பதே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

"எப்போ சொன்னாங்க?"

போன வருஷம் என்றேன். என் கையிலிருந்த கோணி ஊசியை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தார். டப்பாவிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்து, தன் வெள்ளைக் கைலியை முழங்காலில் இழுத்து விரித்து, அந்த வெள்ளைக்கு நேராக ஊசியை நிமிர்த்திப் பிடித்தார். நான் நூலை நனைத்தேன். அவருக்கு ஊசி தெரியவில்லை, எனக்குக் காது தெரியவில்லை. இன்னும் மேலே, இல்லை கீழே, உன் பக்கம் என்று இரண்டு குருடுகள் வாசலில் உட்கார்ந்து ஊசி கோக்கிற கூத்தைத் தெருவே பார்த்திருக்கும். எத்தனையாவது தடவை என்று தெரியாது. நூல் நுழைந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியவில்லை, அவர் ஊசியை இழுத்தபோது நூலும் கூடவே வந்ததால்தான் கண்டுபிடித்தோம்.

அதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவர் எழுந்து, போட்டிருந்த பனியன் மேல் நீலக்கோட்டுச் சட்டையை மாட்டினார். பழக்கதோஷத்தில் கை ஊக்கைத் தேடியது. அப்புறம்தான் பட்டனும் ஊசியும் என் கையில் இருப்பது ஞாபகம் வந்து சட்டையைக் கழற்றப் போனார்.

"கழட்ட வேணாம். அப்பிடியே நில்லுங்க," என்றேன்.

நின்றார். நான் அவருக்கு நேராக எழுந்து நின்று, மூன்றாவது பட்டனின் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். பழைய நூலின் பிசிறு அங்கே இருந்தது. அவர் குனிந்து டப்பாவிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்தார். யாரும் சொல்லாமலே அதைத் தன் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

தலைமுடி நரைத்துவிட்டது, நெஞ்சு ஒட்டிப் போயிருக்கிறது. என் விரல் முட்டி எலும்பில் இடித்தது. அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது. தீக்குச்சி வைக்கவில்லை, எனக்கு அந்த வித்தை தெரியாது. பார்க்காமலே தைத்தேன். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவர் நின்று கூப்பிட்டார். வாயில் நூல் இருந்ததால் இவர் பதில் சொல்லவில்லை.

ஒரு பட்டன் நிற்பதற்கு நாலு சுற்று போதும். நூல் தீரும்வரை நான் தைத்துக்கொண்டே இருந்தேன்.